பாட்டை எழுதியவர் பேரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? இசைச் செயலி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இசைச் செயலிகளை நடத்தும் நிறுவனங்களுக்கும், குறிப்பாக அங்கே பாடல் விவரங்களைப் பதிகிற பிரிவில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மாதாமாதம் சந்தா கட்டிப் பழைய அமெரிக்க ஸ்விங் பாடல்களை, அதாவது 1930களின் ஜாஸ் நடனப் பாட்டுகளைக் கேட்கிற ஆள் நான். உங்கள் சேவையில் குறை சொல்லப் பல உண்டு. இந்த மடலில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறேன், அதையும் ஒரே ஒரு பாட்டை வைத்துத்தான் பேசப் போகிறேன். ஆண்ட்ரூஸ் சகோதரிகள் 1937இல் பாடிய ‘பை மிர் பிஸ்ட் டு ஷேன்’. ‘எனக்கு நீ அழகு’ என்று பொருள்.

நான் சந்தா கட்டும் செயலியில் தேடினால் நொடியில் வந்துவிடுகிறது. தலைப்பு, பாடியவர்கள் பேர், ஏதோ ஒரு தொகுப்பின் அட்டைப்படம், பக்கத்தில் அந்தத் தொகுப்பு வெளிவந்த வருடம். அவ்வளவுதான். மெட்டுப் போட்டது யார், வரிகள் யாருடையவை, பாட்டு எந்த மொழியில் பிறந்தது என்று தெரிய வேண்டுமானால் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டி, விரியும் பட்டியலில் கீழே கீழே இறங்கி, ‘கிரெடிட்ஸ்’ என்ற வரியைப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகும் நிம்மதி இல்லை. ஒரு பதிப்பில் நான்கு பேர் இருக்கிறார்கள், இன்னொன்றில் இரண்டு பேர், வேறொன்றில் யாருமே இல்லை. பாடியவர்கள் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள்.

கேட்க வந்தவனுக்குப் பாட்டு கிடைத்ததே, போதாதா என்று நீங்கள் நினைக்கலாம். இந்தப் பாட்டுக்கு அது போதாது. ஏன் என்று சொல்ல அதன் கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1932. நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் ரோலண்ட் தியேட்டர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் வீட்டில் பேசிய யிட்டிஷ் மொழியில் அங்கே ஓர் இசை நாடகம் நடந்தது. ‘வாழலாம்தான், விட மாட்டேன் என்கிறார்களே’ என்பது போல அதற்கு ஒரு பேர். பெரிய பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, பாதி ஊருக்கு வேலை இல்லாத காலத்தில், இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைத்திருக்காது. இசை ஷோலம் செக்குண்டா, பாடல் ஜேக்கப் ஜேக்கப்ஸ். நாயகன் வேடத்தில் யிட்டிஷ் மேடையின் பெரிய நட்சத்திரமான ஆரன் லெபெடெஃப். நாடகம் ஒரு பருவம் ஓடி முடிந்தது. அதிலிருந்த ஒரு காதல் பாட்டுதான் இது.

செக்குண்டா சாதாரண ஆள் இல்லை. 1894இல் ரஷ்யப் பேரரசின் தென்பகுதியில் பிறந்து, 13 வயதுக்குள் அமெரிக்கா வந்தவர். சிறுவனாகத் தொழுகைக் கூடத்தில் பாடிப் பேர் வாங்கியவர். பின்னாளில் ஜூலியார்ட் என்று ஆன இசைப் பள்ளியில் முறையாகப் படித்தவர். இளம் வயதில் தன்னோடு ஜோடி சேர்க்க ஒரு பையனை யிட்டிஷ் மேடையின் பெரிய முதலாளி தாமஷெஃப்ஸ்கி கூட்டிவந்தாராம். நமக்கும் இவனுக்கும் ஒத்துவராது, இவன் சரியாகப் படித்தவன் இல்லை என்று செக்குண்டா மறுத்துவிட்டாராம். அந்தப் பையன்தான் பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆன ஜார்ஜ் கெர்ஷ்வின். இது செக்குண்டா தரப்பிலிருந்தே வந்த கதை. கெர்ஷ்வினை இங்கே சும்மா இழுக்கவில்லை, இந்தப் பாட்டின் கதையில் அவருக்கும் ஓர் இடம் வருகிறது.

ஜேக்கப்ஸின் வரிகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் கேட்டவர்கள் இதை ஏதோ அழகிய பெண்ணைப் புகழும் பாட்டு என்று நினைத்திருப்பார்கள். யிட்டிஷ் மூலம் குறும்பின் உச்சம். நீ தாத்தார் இனத்தவனைப் போலக் கறுத்திருந்தாலும், கடுவன் பூனைக்கு இருப்பது போல உனக்குக் கண் இருந்தாலும், கொஞ்சம் நொண்டினாலும், மரக்காலே வைத்திருந்தாலும் எனக்குப் பரவாயில்லை என்று போகிறது. அசட்டுச் சிரிப்பு சிரித்தாலும் சரி, மூளை கொஞ்சம் கம்மியாக இருந்தாலும் சரி. கடைசியில் ஓர் உச்சக் குத்து: நீ கலீசியா ஊர்க்காரியாக இருந்தாலும்கூடச் சரிதான்! கலீசியா என்பது முன்பு ஆஸ்திரியப் பேரரசில் இருந்த பகுதி. அந்தப் பக்கத்து யூதர்களை ரஷ்யப் பக்கத்து யூதர்கள் கிண்டல் செய்வது அன்றாட வழக்கம். நிறத்தைச் சொன்ன வரி இன்றைக்கு உறுத்தும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் மரக்காலுக்கும் கலீசியாவுக்கும் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு நீ அழகு என்பதற்கு இவ்வளவு சுற்றி வளைத்துச் சத்தியம் செய்த காதலன் உலகப் பாட்டு எதிலும் இருப்பானா தெரியவில்லை.

நாடகம் முடிந்ததும் பாட்டுக்குப் போக்கிடம் இல்லை. செக்குண்டா ஹாலிவுட் வரை போய்ப் பாடகரும் நடிகருமான எடி காண்டரிடம் காட்டினார் என்றும், காண்டர் யூதராக இருந்தும் ‘இது ரொம்பவே யூதப் பாட்டு’ என்று திருப்பிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். 1937இல் ஜாக், ஜோசஃப் என்ற காமென் சகோதரர்கள் நடத்திய இசைப் பதிப்பகத்துக்கு செக்குண்டாவும் ஜேக்கப்ஸும் உரிமையை எழுதிக் கொடுத்தார்கள். விலை 30 டாலர். ஆளுக்கு 15.

அடிமாட்டு விலை என்று இன்றைக்கு நாம் சொல்லலாம். அன்றைக்கு அது அப்படித் தெரிந்திருக்காது. ஐந்து வருடத்துக்கு முன் ஓடிய நாடகத்தின் பாட்டு, மொழி தெரிந்த கூட்டம் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். யிட்டிஷ் மேடையில் பாட்டை மொத்தமாகக் கைகழுவுவது வழக்கம்தான். வாங்கியவர்களுக்கே அது என்ன ஆகப் போகிறது என்று தெரியாது.

அடுத்து நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நியூயார்க்குக்கு வடக்கே கேட்ஸ்கில் மலைப்பகுதியில் யூதக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குப் போகும் விடுதிகள் இருந்தன. அவற்றில் பேர் பெற்றது கிராஸிங்கர்ஸ். ஜானி, ஜார்ஜ் என்ற இரண்டு கறுப்பினப் பாடகர்கள் அங்கே நிகழ்ச்சி நடத்தப் போன இடத்தில் இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டார்கள். கற்றதைக் கொண்டுபோய் எங்கே பாடினார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஹார்லெமில், 125ஆம் தெருவில், அப்பல்லோ தியேட்டரில். முழுக்க யிட்டிஷிலேயே. கறுப்பின மக்களுக்கான அரங்கம் அது, பார்வையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனால் அரங்கமே ஆடியது. அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாட்டு எழுதும் இரண்டு இளைஞர்கள் சாமி கானும் சால் சாப்ளினும். புரியாதவர்களையே இந்தப் பாடு படுத்துகிறது என்றால், புரிந்தால் என்ன ஆகும் என்று கான் நினைத்தார்.

இந்த இரண்டு பேரும் யூதப் பிள்ளைகள்தான். சாப்ளினுடைய குடும்பப் பேர் காப்லான். ‘கான் அண்ட் காப்லான்’ என்றால் துணிக்கடை மாதிரி இருக்கிறது என்று கான்தான் மாற்றச் சொன்னாராம். கானின் பெற்றோர் வந்த ஊர்ப்பக்கம் எது தெரியுமா? அதே கலீசியா. ஜேக்கப்ஸின் கிண்டல் வரியில் வருகிற ஊர். தங்கள் மொழியிலேயே பிறந்த பாட்டை அவர்கள் கேட்டு வியந்தது ஹார்லெமில், இரண்டு கறுப்பினப் பாடகர்கள் வாயால். இந்த வழியில் ஜானியும் ஜார்ஜும் இல்லையென்றால் மற்றவர்கள் யாருக்கும் இந்தப் பாட்டு கிடைத்திருக்காது. கதை சொல்பவர்களோ பெரும்பாலும் இரண்டு முதற்பெயர்களோடு நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

கானின் யோசனைப்படி, அவர் வேலை பார்த்த வார்னர் நிறுவனத்தின் பதிப்பகம் பாட்டின் உரிமையை வாங்கியது. கானும் சாப்ளினும் ஆங்கில வரிகள் எழுதினார்கள். பாட மினியாபொலிஸிலிருந்து வந்த மூன்று சகோதரிகள்: லாவெர்ன், மேக்ஸீன், பாட்டி. அப்பா கிரேக்கர், அம்மா நார்வே வழி. யிட்டிஷுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யிட்டிஷிலேயே பாடிப் பதியலாம் என்ற பேச்சு முதலில் இருந்தது, டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஜாக் காப் ஒப்புக்கொள்ளவில்லை, ஆங்கிலம் வேண்டும் என்றார். மற்ற கம்பெனிகள் 75 சென்ட்டுக்கு இசைத்தட்டு விற்றபோது 35 சென்ட்டுக்கு விற்று சந்தையைப் பிடித்தவர் அவர், எது விலைபோகும் என்று மூக்கிலேயே தெரியும். 1937 நவம்பர் 24 அன்று விக் ஷோன் இசைக்குழுவோடு பதிவு நடந்தது.

தட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்த பாட்டு கெர்ஷ்வினுடையது. அந்த ஜூலையில்தான் அவர் இறந்திருந்தார். இளம் வயதில் சேரவே மாட்டேன் என்று ஒதுங்கிய செக்குண்டாவும் கெர்ஷ்வினும் கடைசியில் ஒரே இசைத்தட்டின் இரண்டு பக்கங்களாகக் கடைக்கு வந்தார்கள். விற்கும் என்று கம்பெனி எதிர்பார்த்தது கெர்ஷ்வின் பக்கம். விற்றது செக்குண்டா பக்கம்.

அந்தப் பதிவை இன்றைக்கும் நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். மெட்டு மைனர் ஸ்கேலில் நகர்வதால் ஓரத்தில் ஒரு சோகம் ஒட்டிக்கொண்டே வருகிறது, ஆனால் தாளம் துள்ளுகிறது. பாட்டி நடுக்குரலில் மெட்டைப் பிடித்துக்கொள்ள, மேலே மேக்ஸீன், கீழே லாவெர்ன், மூன்று குரலும் ஒரே மூச்சில் வளைகின்றன. ஆங்கில வரிகள் பாதிக்குப் பாதி தலைப்பையே விளக்குகின்றன: இத்தாலியில் இப்படிச் சொல்லலாம், ஜெர்மனில் இப்படிச் சொல்லலாம் என்று. மரக்காலும் பூனைக்கண்ணும் போய்விட்டன. ஒரு நல்ல நகைச்சுவைப் பாட்டை வெட்டி நல்ல நடனப் பாட்டு ஆக்கிவிட்டார்கள் என்பேன். எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் ஒன்று மட்டும் இருப்பதாக உங்கள் திரை காட்டுவது பிடிக்கவில்லை. தலைப்பு வாயில் நுழையாமல் அமெரிக்கர்கள் கடைகளில் ‘பை எ பீர், மிஸ்டர் ஷேன்’ இருக்கிறதா என்று கேட்டதாக ஒரு வேடிக்கைக் கதை உண்டு. கேட்ட மாதிரியே எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1937இல் வார்னர் பதிப்பகம் வெளியிட்ட இந்தப் பாட்டின் அச்சுத்தாளை எடுத்துப் பாருங்கள். மூல வரிகள் ஜேக்கப் ஜேக்கப்ஸ், ஆங்கில வடிவம் சாமி கான், சால் சாப்ளின், இசை ஷோலம் செக்குண்டா என்று நான்கு பேரும் இருக்கிறார்கள். யார் எதைச் செய்தார்கள் என்பதும் தனித்தனியாக இருக்கிறது. 30 டாலருக்குக் கைமாறிய பாட்டை காமென் சகோதரர்களிடமிருந்து வாங்கியவர்கள், மூலத்தை எழுதியவர்களுக்கு ஒரு சென்ட் கூடத் தர வேண்டிய கடமை இல்லாதவர்கள், பேரை மட்டும் அச்சடித்தார்கள். காகிதத்தில் இடம் இருந்தது. உங்கள் திரையில் அந்த இடம் இல்லாமல் போனது எப்படி?

பாட்டு ஓடிய ஓட்டம் அப்படி. 1937 டிசம்பரிலேயே ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பாடிப் பதிந்தார். பென்னி குட்மனின் ஸ்விங் இசைக்குழுவும் பதிந்தது. 1938 ஜனவரி 16 அன்று கார்னெகி ஹாலில் குட்மன் நடத்திய புகழ்பெற்ற கச்சேரியிலும் மார்த்தா டில்டன் இதைப் பாடினார். குட்மன் வடிவத்தில் எனக்குப் பிடித்த இடம் ஸிக்கி எல்மன் ட்ரம்பெட்டில் புகும் இடம்தான். இயற்பெயர் ஹாரி ஃபிங்கெல்மன். பாட்டின் நடுவே எழுந்து, ஸ்விங்கை ஓரம் தள்ளிவிட்டு, யூதக் கல்யாண வீட்டில் வாசிக்கிற நடன மெட்டு ஒன்றை அவர் பாட்டுக்கு ஊதித் தள்ளுவார். வரிகளிலிருந்து துடைத்து எடுத்ததை அந்த ட்ரம்பெட் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது என்று தோன்றும். இதே எல்மன் ஒரு பழைய யூத நடன மெட்டை எடுத்து வாசித்ததற்குப் பிறகு ஜானி மெர்சர் வரி எழுத, அது ‘அண்ட் தி ஏஞ்சல்ஸ் சிங்’ என்று 1939இல் பெரிய ஹிட் ஆனது. அந்த மெட்டின் பழைய யூதப் பேரும் உங்கள் பக்கத்தில் இல்லை. அது வேறு மடல்.

அமெரிக்காவைத் தாண்டிப் போன கதை இன்னும் விசித்திரம். நாஜி ஜெர்மனியில் இந்தப் பாட்டு விரும்பிக் கேட்கப்பட்டது. ஆண்ட்ரூஸ் சகோதரிகள் தட்டில் தலைப்பு ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இது யிட்டிஷ், போட்டவர் யூதர் என்று தெரிந்த பிறகு தடை வந்தது. அதாவது பேர் தெரியாத வரை ஆடினார்கள், பேர் தெரிந்ததும் நிறுத்தினார்கள். பேர் ஒரு பாட்டை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டுமா?

சோவியத் நாட்டில் நேர் எதிராக நடந்தது. 1940இல் லெனின்கிராடில் பாவெல் காண்டெல்மன் என்ற பள்ளி மாணவர் இந்த மெட்டுக்கு, கேப்டவுன் துறைமுகத்தில் மாலுமிகள் போடும் சண்டையைப் பற்றி ரஷ்ய வரிகள் எழுதினார். வாய் வழியே நாடெல்லாம் போய், வரிகள் மாறி மாறி, எழுதியவர் பேர் இல்லாத தெருப்பாட்டாகவே பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. போர் நடுவே 1943இல் பாடகர் லியோனிட் உத்யோசொவ் அதே மெட்டில் ஜெர்மன் படையைக் கிண்டல் செய்யும் ‘பாரன் ஃபன் டெர் ப்ஷிக்’ பாடினார். ரஷ்யப் பன்றிக்கொழுப்பு தின்ன ஆசைப்பட்டு வந்து ரஷ்யத் துப்பாக்கி ஈட்டியில் மாட்டிக்கொள்ளும் ஜெர்மன் பிரபுவின் கதை. யூதர் போட்ட மெட்டு, யூதரான உத்யோசொவ் குரலில், ஹிட்லர் படையைக் கேலி செய்தது. இதில் ஒரு வடிவத்தைத் தொட்டால் இன்னொன்றுக்குப் போக உங்கள் செயலியில் வழி கிடையாது. தலைப்பு வேறு, மொழி வேறு என்பதால் உங்கள் கணினிக்கு இவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பாட்டுகள்.

சரி, பணத்துக்கு வருவோம். பணம் என்றால்தான் உங்களுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி கிடைக்கும். இந்தப் பாட்டு மொத்தமாக மூன்று மில்லியன் டாலர் சம்பாதித்தது என்று எழுதுகிறார்கள். கான் தன் பங்கில் தாய்க்கு வீடு வாங்கினார். செக்குண்டாவின் தாயோ, மகன் கைக்கு வந்ததைத் தவறவிட்டதற்குத் தான் ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று தினமும் தொழுகைக் கூடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டதாக ஒரு கதை உண்டு.

ஆனால் 30 டாலரோடு கதை முடியவில்லை, அதற்குக் காரணம் யாருடைய தாராள மனசும் இல்லை, சட்டம். 1909ஆம் ஆண்டின் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி உரிமைக் காலம் இரண்டு கட்டமாக இருந்தது. முதல் 28 ஆண்டு, பிறகு புதுப்பித்தால் இன்னொரு 28 ஆண்டு. புதுப்பிக்கும் உரிமை எழுதியவரிடம் வரும். முன்பே அதையும் சேர்த்து எழுதி வாங்கியிருந்தால் அது செல்லும் என்று 1943இல் ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதிப்பாளர் பக்கம் தீர்ப்பு சொல்லியிருந்தது. பல எழுத்தாளர்களுக்கு அந்த வாசலும் அடைபட்டது. செக்குண்டா, ஜேக்கப்ஸ் விஷயத்தில் வாசல் திறந்தே இருந்தது. 1961இல் மூல யிட்டிஷ் பாட்டின் முதல் 28 ஆண்டு முடிந்து உரிமை அவர்களிடம் திரும்பி வந்தது. அதே பதிப்பகத்தோடு புதிதாக ஒப்பந்தம் போட்டார்கள், இந்த முறை ராயல்டியோடு. செக்குண்டாவுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1974இல் இறந்தார்.

உரிமை திரும்பி வர வேண்டுமானால் யாரிடம் திரும்ப வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். பதிவேட்டில் பேர் இருந்தது, அச்சுத்தாளில் பேர் இருந்தது, அதனால் ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை.

உங்கள் காலத்தில் என்ன நடக்கிறது? இதை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே கணக்குக் காட்டியிருக்கிறீர்கள். 2018இல் அமெரிக்காவில் இசை நவீனமயச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த கூட்டு உரிம அமைப்பிடம் 2021 பிப்ரவரியில் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள், இது யாருக்குச் சேர வேண்டும் என்று தெரியவில்லை என்று தாங்கள் வைத்திருந்த பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டியை ஒப்படைத்தன. தொகை 42 கோடி டாலருக்கு மேல். பாட்டு ஓடியிருக்கிறது, பணம் வந்திருக்கிறது, உரியவர் யார் என்பது மட்டும் பொருந்தவில்லை. 15 டாலர் வாங்கிய செக்குண்டாவைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

பொருந்தாமல் போவதற்கு மந்திரக் காரணம் ஒன்றும் இல்லை. ஒலிப்பதிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு, ஐஎஸ்ஆர்சி. அந்தப் பதிவுக்கு அடியில் இருக்கும் பாட்டுக்கு, அதாவது மெட்டுக்கும் வரிக்கும், இன்னொரு குறியீடு உண்டு, ஐஎஸ்டபிள்யூசி. ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பதிவு ஒன்று, ஃபிட்ஸ்ஜெரால்டின் பதிவு ஒன்று, குட்மன் பதிவு ஒன்று. ஆனால் பாட்டு ஒன்றுதான். பதிவுக் குறியீடு இல்லாமல் எதுவும் உங்கள் செயலிக்குள் நுழைவதில்லை. பாட்டின் குறியீட்டையோ அதே கண்டிப்போடு நீங்கள் கேட்பதில்லை. இரண்டையும் இணைக்கும் கயிறு அறுந்தால் பாடியவருக்குப் பணம் போகும், எழுதியவருக்குப் போகாது. நீங்கள் ‘மெட்டாடேட்டா’ என்று பேர் வைத்து ஏதோ துணை வேலை போலப் பார்ப்பது இதைத்தான்.

இதற்கு உங்களிடம் பதில் தயாராக இருக்கும் என்று தெரியும். கம்பெனிகள் அனுப்புகிற விவரத்தைத்தான் நாங்கள் காட்டுகிறோம் என்பீர்கள். அது பாதி உண்மை. ஆனால் அட்டைப்படம் குறிப்பிட்ட அளவில் இல்லையென்றால் அதே கம்பெனியைத் திருப்பி அனுப்புகிறீர்கள். எழுதியவர் பேர் இல்லையென்றாலும் திருப்பி அனுப்பலாமே. கைபேசித் திரை சின்னது என்பீர்கள். அதில் இதயக் குறிக்கு இடம் இருக்கிறது, பகிர்வதற்கு ஒரு குறி, வரிசையில் சேர்க்க ஒரு குறி, ‘இதைக் கேட்டவர்கள் இதையும் கேட்டார்கள்’ என்று பாதித் திரைக்கு ஒரு பட்டியல். பாடியவருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரிக்கா இடமில்லை? யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது மூன்றாவது பதில். காட்டாததை யார் பார்ப்பார்கள்?

தமிழ் வாசகர்கள் இதைப் படிக்கிறார்கள் என்பதால் ஒரு பக்கப் பேச்சு. நம்முடைய திரைப்பாடல்களில் இசையமைப்பாளர் பேர் செயலிகளில் முன்னால் வருகிறது, பாடகர்கள் வருகிறார்கள், பாடலாசிரியர் பல இடங்களில் மூன்று புள்ளிக்குப் பின்னால் போய்விடுகிறார். இந்தியாவில் 2012இல் வந்த காப்புரிமைத் திருத்தம், படப் பாடல்கள் திரையரங்குக்கு வெளியே ஈட்டும் ராயல்டியில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்கை எழுதி வாங்கிவிட முடியாது என்று சொல்கிறது. சட்டம் 30 டாலர் விற்பனையைத் தடுக்க ஏற்பாடு செய்துவிட்டது. அந்தப் பங்கு போய்ச் சேரவும் பேர் வேண்டும். அதற்கு மேல் இங்கே இழுக்கவில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. பாட்டு ஓடும்போதே, எதையும் தட்டாமல், மெட்டுப் போட்டவரும் வரி எழுதியவரும் கண்ணில் பட வேண்டும். யார் எதைச் செய்தார் என்பதும் அச்சுத்தாளில் இருந்தது போலத் தனித்தனியாக வேண்டும். நான்கு பேரையும் ஒரே கமா வரிசையில் போட்டால் மரக்கால் வரியை எழுதியது கானா ஜேக்கப்ஸா என்று எப்படித் தெரியும்? வருடம் போடும்போது பதிவு நடந்த வருடத்தைப் போடுங்கள், தொகுப்பு வந்த வருடம் எனக்கு எதற்கு? அப்புறம், ஒரே மெட்டில் இருக்கும் யிட்டிஷ், ஆங்கில, ரஷ்ய வடிவங்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக முடிகிற மாதிரி கோத்து வையுங்கள். அதற்கு உதவும் குறியீடு ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது, நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எழுதியவர் விவரம் காலியாக வரும் பதிவை, அட்டைப்படம் இல்லாத பதிவைப் போலவே திருப்பி அனுப்புங்கள்.

லட்சக்கணக்கான பாட்டுகளுக்கு இதை ஒரே நாளில் செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். இந்த ஒரு பாட்டில் தொடங்குங்கள். விவரம் தேட நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம், 1937இன் அச்சுத்தாளைப் பார்த்து எழுதினால் போதும். அது முடிந்ததும் சொல்லுங்கள், ‘அண்ட் தி ஏஞ்சல்ஸ் சிங்’ பற்றி அடுத்த மடலை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சந்தாவைத் தவணை தவறாமல் கட்டும் ஒரு ரசிகன்